புண்ணும் நாவும்

அறுவைச் சிகிச்சை முடிந்த நாய் தன் தையலை நக்கப்போகிறது. நாம் தடுக்கிறோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களே பெரும்பான்மை. மருந்துச் சீட்டின் கடைசி வரியில் முடிந்துபோகிற சமாச்சாரமாக அவர்களுக்கு இது படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. ஓர் உயிரை அதன் நன்மைக்காகவே பலவந்தப்படுத்துவது, அந்த நன்மை இன்னதென்று அதற்குச் சொல்ல வழியே இல்லாமலிருப்பது, இவ்விரண்டும் இவ்வளவு அப்பட்டமாகச் சேர்ந்து நிற்கிற இடம் வேறொன்று எனக்குத் தெரியாது. குழந்தையோடு ஏதோ ஒரு பேச்சு சாத்தியம். மயக்கத்தில் கிடக்கிற நோயாளி விழித்த பிறகு "என்னை ஏன் கட்டிப்போட்டீர்கள்?" என்று கேட்பான், நாமும் பதில் சொல்வோம். நாய் கேட்பதில்லை. அது கேட்காததால் கேள்வி நம்மிடமே தங்கிவிடுகிறது.

நக்குதல் அறியாமை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறந்த குட்டியின் மேல் போர்த்தியிருக்கும் உறையைக் களைவது தாயின் நாக்கு. அதன் மூச்சைக் கிளப்புவதும், வயிற்றைத் தடவிச் சிறுநீர் கழிக்கச் செய்வதும் அதே நாக்குத்தான். கண் திறக்கும் முன்பே நாய்க்கு உலகத்தோடு உறவு நாக்கின் வழியாக ஏற்பட்டுவிடுகிறது. 1990இல் வெளியான ஓர் ஆய்வு, நாயின் உமிழ்நீர் எஷ்செரிச்சியா கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் என்ற இருவகைப் பாக்டீரியாக்களைக் கொல்லக்கூடியது என்று காட்டியது. வலிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தேய்த்தால் வலி அடங்குவதேன் என்பதற்கு மெல்ஸாக்கும் வாலும் 1965இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: தொடு உணர்வு முதுகுத்தண்டில் வலிக்கான வாசலைச் சற்று மூடுகிறது. நாய்க்குக் கை இல்லை. அது நாக்கால் தேய்க்கிறது. பழைய கிரேக்கத்தில் எபிடாரஸ் ஊரின் மருத்துவத் தெய்வத்தின் கோயிலில், நாய் நக்கிக் குணமானவர்களைப் பற்றிக் கல்வெட்டே உண்டு. லூக்காவின் சுவிசேஷத்தில் பணக்காரன் வாசலில் கிடக்கும் லாசருவின் புண்களை நக்குபவை நாய்கள்தான். அந்த வாசலில் அவன் பக்கம் வந்த உயிர்கள் அவை மட்டுமே.

ஆனால் தையல் வேறு. நாக்கின் சொரசொரப்பு ஒட்டத் தொடங்கிய தோலின் ஓரங்களைப் பிரிக்கும். முன்பல் முடிச்சைத் தேடிப்பிடித்து இழுக்கும். ஓயாத ஈரத்தில் தோல் ஊறிப்போகும். வாயிலிருக்கும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் உள்ளே இறங்கும். வயிற்றுத் தையலாக இருந்தால் பிரிந்து குடல் வெளியே வருவதும் உண்டு. விருதுநகர் வெயிலில் ஈரப் புண்ணில் ஈ மொய்த்தால் இரண்டொரு நாளில் புழு வைத்துவிடும். பிறகு கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய், சீத்தா இலைச் சாறு என்று ஆளுக்கொரு வைத்தியம்.

ஆக நாயின் நாக்கு பொய் சொல்லவில்லை. கடிபட்ட புண், முள் கிழித்த புண், சண்டையில் பிய்ந்த காது என்று அதன் வம்சம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கண்டுவந்த காயங்களுக்கு அது ஏறக்குறைய சரியான அறிவு. சவரம் செய்த தோலில் கத்தியால் நேர்கோடாகக் கீறி நைலான் நூலால் சேர்த்த காயம் அந்த வம்சத்தின் அனுபவத்தில் கிடையாது. அதை உண்டாக்கியது நாம். ஒரு ஜீவன் வாழ்ந்துவந்த நிலைமையை நாம் மாற்றுகிறோம். மாறிய நிலைமையில் அதன் பழைய அறிவு தவறிப்போகிறது. உடனே அதற்கு அறிவில்லை என்கிறோம். இந்த வித்தையை நாய்களிடம் மட்டும் நாம் காட்டவில்லை. மானாவாரி விவசாயியிடமும் நாட்டு மருத்துவச்சியிடமும் இதே வரிசையில்தான் நடந்துகொண்டோம்.

தடுப்பதற்கென்று ஒரு கூம்பு இருக்கிறது. முதலாம் எலிசபெத் காலத்து ஆங்கிலப் பிரபுக்கள் கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொண்ட மடிப்புத்துணியின் ஞாபகமாக அதற்கு எலிசபெத் காலர் என்று பெயர். கடையில் விற்பது எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை. பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து மாட்டுகிறார்கள். பழைய எக்ஸ்ரே பிலிமைச் சுருட்டித் தைக்கிறார்கள். சிவகாசியில் அட்டைக்குப் பஞ்சமில்லை. திருத்தங்கல் பக்கம் ஒரு வீட்டில், அச்சகத்தில் கழித்த காலண்டர் அட்டையை வெட்டிக் கூம்பாக மாட்டியிருந்த பெட்டைநாய் ஒன்றைப் பார்த்தேன். கட்டி ஒன்றை அறுத்து எடுத்திருந்தார்கள். கூம்பு மாட்டிய நாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதல் நாள் அது பின்னாலேயே நடக்கும், தலையில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஒன்றிடமிருந்து தப்பித்துப் போகிறாற்போல. கதவு நிலையில் முட்டும். தண்ணீர்ச் சட்டியில் வாய் எட்டாது. விளிம்பு தரையில் இடித்துச் சட்டி கவிழும். மோப்பம் பிடிக்கத் தரைக்குக் குனிய முடியாது. சத்தங்கள் கூம்புக்குள் குவிந்து எங்கிருந்தோ வருகிற மாதிரி கேட்கும். நாய்க்கு உலகம் என்று எது இருக்கிறதோ அதில் முக்கால்வாசியைப் பிடுங்கிவிட்டு, மிஞ்சியதைப் பத்து முதல் பதினான்கு நாள்வரை ஓர் அட்டைக் குழாய் வழியாகக் காட்டுகிறோம்.

அந்த வீட்டு அம்மாள் பட்டாசு ஆபீஸில் திரி கட்டுகிறவர். வேலைக்குப் போகாத நாளில் கூம்பைக் கழற்றி, நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். "இதுகிட்ட எப்படிச் சொல்ல அண்ணாச்சி? பத்து நாள் பொறுத்துக்கோன்னா வெளங்கவா போகுது?" என்றார். அவருடைய முழங்கைக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு, இறுகி, மினுமினுப்பாக. ஆறிவரும் தீக்காயத்தின் அரிப்பு வலியைவிட மோசம் என்று பட்டவர்கள் சொல்வார்கள். தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான உறையொன்றை நாளில் 23 மணி நேரம், ஏறத்தாழ ஒரு வருஷம் போட்டிருக்கச் சொல்வது வழக்கம். சொறியக்கூடாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இந்த விலக்கைத் தோலின்மேல் சுமந்தவர்கள் ஏராளம். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் தீயைப் பார்த்து உதவிக்கு ஓடியவர்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். இடையிலும் பிறகும் பத்திரிகையின் உள்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடம் பெறாத எத்தனையோ விபத்துகள். பிழைத்தவர்களிடம் மருத்துவர் சொல்கிறார்: சொறியாதே, ஒரு வருஷம். அதைக் கேட்பதால் அரிப்பு குறைந்துவிடாது. ஆனால் அதற்கு ஒரு கரை ஏற்பட்டுவிடுகிறது. எண்ணிக் கழிக்க முடிகிறது.

நாய்க்கு அந்தக் கரை இல்லை. 1953இல் வெளியான நூலில் விட்கன்ஸ்டைன் இதை ஒரு கேள்வியாக வைத்தார். எஜமான் வாசலில் வந்திருக்கிறான் என்று நாய் நம்பக்கூடும். அவன் நாளை மறுநாள் வருவான் என்று நம்ப முடியுமா? அந்தக் கேள்வியில் அவருக்கு இருந்த அக்கறை மொழியைப் பற்றியது. நாளை மறுநாள் என்பது மொழி தெரிந்தவனுடைய உடைமை. எனக்கு அது வலியைப் பற்றிய கேள்வியாகத் தோன்றுகிறது. கூம்புக்குள் இருக்கும் நாய் அனுபவிப்பது பத்து நாள் சங்கடத்தை அன்று. பத்து நாள் என்பது நம்முடைய கணக்கு. அதற்கு இருப்பது இந்தக் கணம், இந்த அரிப்பு, எட்டாத இந்த இடம். மறுபடியும் இந்தக் கணம். காலண்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற ஜீவனுக்குத் தேதி கிடையாது. எதிர்காலம் முழுவதையும் நாம்தான் அதன் சார்பில் வைத்திருக்கிறோம். சிறிய உடைமையல்ல இது. இன்னொருவருடைய எதிர்காலத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு எந்தக் கொடுமையையும் செய்ய அனுமதி கிடைத்துவிடுகிறது. பின்னால் நன்மை வரும் என்று அவன் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கேதான் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் ஞாபகம் வருகிறது. ஒருவனுடைய சொந்த நன்மை அவனைப் பலவந்தப்படுத்தப் போதுமான காரணம் ஆகாது என்று 1859இல் எழுதினார். தாராளவாதத்தின் அஸ்திவாரக் கல் அது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்றார். இன்னும் பக்குவம் பெறாத சமூகங்களுக்கும் பொருந்தாது என்றார். 1823 முதல் 1858 வரை அவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். நம் பாட்டன்மார் அந்த விதிவிலக்குக்குள் அடங்கியவர்கள். ஆகவே 'உன் நன்மைக்காக' என்ற வார்த்தையைக் கேட்டால் நமக்குக் கூடுதலாகவே சந்தேகம் வர வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு 1975க்கும் 1977க்கும் இடையில், நெருக்கடி நிலையின்போது, ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை செய்த அரசாங்கமும் அதையேதான் சொன்னது. மில் நாயைப் பற்றிப் பேசவில்லை என்றாலும், விதிவிலக்கின் கடைசிப் படியில் நிற்பது நாய்தான். அதனிடம் செல்லுபடியாகிற நியாயம் எதுவோ அது மேலே உள்ள படிகளிலும் ஒருநாள் பயன்படுத்தப்படும். நாயின் விஷயத்தை அற்பம் என்று தள்ளுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

தெருநாயிடம் வரும்போது 'உன் நன்மைக்காக' என்பதும் உதிர்ந்துபோகிறது. கட்டியை அறுத்தால், முறிந்த எலும்பைப் பொருத்தினால், அது நாய்க்காக. நகராட்சி வண்டியில் பிடித்துப்போய்க் கருப்பையை எடுப்பது பிரதானமாக நமக்காக. 2001இல் முதலில் வந்து, 2023இல் புதிதாக எழுதப்பட்ட விதிகளின்படி அது நடக்கிறது: பிடிப்பது, அறுப்பது, வெறிநோய்த் தடுப்பூசி போடுவது, காதில் ஒரு வெட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவது. 2025 ஆகஸ்டு 11இல் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22ஆம் தேதி வேறொரு பெரிய அமர்வு அதை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைத் திரும்ப விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அப்புறப்படுத்த உத்தரவு வந்தது. இந்த விவாதத்தில் இரு தரப்பையும் எள்ளி நகையாடுவது சுலபம். வெறிநோய் கண்ட பிள்ளையை ஒருமுறை பார்த்தவன் எள்ளமாட்டான். நாம் நம்மைக் காத்துக்கொள்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படி வைத்துக்கொண்டால் அந்தக் காயம் நம்முடைய தேவைக்காக அதன் உடம்பில் போட்டது. தையல் ஆறும்வரை பார்த்துக்கொள்வதைக் கருணை என்று சொல்லிக்கொள்ள நமக்கு யோக்யதை இல்லை. அது பாக்கி. வாங்கியவன் கொடுக்க வேண்டியது. முதல் நாளே வண்டியிலிருந்து இறக்கிவிட்டுப் போகிறவன் செய்வது கருணைக்குறைவு என்றால் போதாது, அது மோசடி.

(இதே மாவட்டத்தில்தான் ராஜபாளையம் நாயும். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் தபால்தலையில்கூட ஏறியது. அதற்குப் பரம்பரை எழுதி வைக்க ஆளிருக்கிறது. தெருநாய்க்கு அதன் காது வெட்டு ஒன்றுதான் ஆவணம்.)

சம்மதம் வாங்க முடியாத இடத்தில் சம்மதத்துக்குப் பதிலாக எது நிற்கும்? நல்லெண்ணம் என்று பதில் வரும். நல்லெண்ணம் கம்பெனிக்கும் இருந்தது. பலன் என்று சொல்லலாம். ஆனால் பலன் கடைசியில் வருவது. நடுவில் கழிகிற ஒவ்வொரு இரவுக்கும் அது பதிலாகாது. அன்பு என்ற வார்த்தையை இங்கே நான் நம்பவில்லை. அன்புள்ளவர்கள்தான் முதல் இரவே மனம் கேட்காமல் கூம்பைக் கழற்றிவிட்டு, காலையில் பிரிந்த தையலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

அந்த அம்மாள் செய்துகொண்டிருந்ததில் ஒரு பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. கூம்பைக் கழற்றும் நேரத்தில் அவர் அங்கிருந்து எழுவதில்லை. தலை பின்னால் திரும்பும்போதெல்லாம் கையால் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்புகிறார். அதட்டவில்லை. தையலைச் சுற்றி (தையலின்மேல் அன்று) வேப்பெண்ணெய் தடவியிருந்தார், கசப்புக்காக. ராத்திரியில் கூம்புக்குப் பதிலாகப் பையனுடைய பழைய பனியனைப் போட்டு, முன்னங்கால்களைக் கைவழியே விட்டு, முதுகில் முடிச்சுப் போடுகிறார். அதுவும் அவர் பக்கத்தில் படுத்திருக்கும் ராத்திரிகளில் மட்டும். பகலில் வேலைக்குப் போக வேண்டும், அப்போது கூம்பு. அதாவது அவரால் இருக்க முடியாத நேரங்களில் அவருக்குப் பதிலாகக் கூம்பு இருக்கிறது. நாய்க்கு அவர் கொடுக்க முடியாதது ஒன்று, பத்து நாள் என்ற கரை. அதைக் கொடுக்க முடியாததால் அந்தப் பத்து நாளைத் தானும் கழிக்கிறார். தூக்கம் கெட்டது, கூலி ஒருநாள் போனது. வதை செய்கிறவனும் பக்கத்திலேயே இருக்கிறானே, அவனும் விழித்திருக்கிறானே என்று மறுக்கலாம். ஆமாம். ஆனால் அவன் விழித்திருப்பது வலி ஓய்ந்துவிடக்கூடாது என்று. இவர், கூம்பு தேவையில்லாமல் போகும் நாளை எதிர்பார்த்து விழித்திருக்கிறார். தன் அதிகாரம் காலாவதியாவதற்காக உழைக்கிற அதிகாரம் இது. அரசாங்கங்களில் நான் இதைப் பார்த்ததில்லை.

நாய் பிறகு வாலாட்டும். அதை நமக்குச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது நம் பழக்கம். அடித்தவனிடமும் அது அரைமணியில் வாலாட்டுகிறது. சாட்சி என்ற முறையில் அதன் மன்னிப்புக்கு மதிப்பில்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் லெவினாஸ், ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில் இருந்த காலத்தைப் பற்றி 1975இல் எழுதினார். ஊராரும் காவலர்களும் கைதிகளை மனிதர்களாகப் பார்க்காதபோது, எங்கிருந்தோ வந்த ஒரு நாய், அவர்கள் பாபி என்று பெயரிட்டது, தினமும் குதித்து வரவேற்றதாம். அவர்களை மனிதர்களாகக் கண்டது அது ஒன்றுதான். நெகிழ்ச்சியான பகுதி. ஆனாலும் அந்த நாய் காவலரைப் பார்த்தும் குதித்திருக்குமோ என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க முடிவதில்லை.

நாயின் வழக்கு அரசன் முன் போன ஓர் இடம் நம்மிடம் உண்டு. பாரதம் ஆதிபர்வத்தின் தொடக்கத்தில் ஜனமேஜயனின் யாகசாலைக்குள் ஒரு நாய்க்குட்டி வருகிறது. அவன் தம்பிகள் அதை அடித்துத் துரத்துகிறார்கள். குட்டி அழுதுகொண்டு தாய் சரமையிடம் போய்ச் சொல்கிறது: நான் ஹவிஸைப் பார்க்கவில்லை, நக்கவும் இல்லை. தாய் வந்து கேட்கிறாள், குற்றமில்லாததை ஏன் அடித்தீர்கள்? பிறகு சபிக்கிறாள்: காணாத பயம் ஒன்று உனக்கு வரும். எனக்கு இந்தச் சாபத்தின் பொருத்தம் வியப்பாக இருக்கிறது. காரணம் தெரியாமல் பட்ட அடிக்கு, எங்கிருந்து வருமென்று தெரியாத பயம். அந்தக் குட்டிக்கு இளவரசர்களின் கோல் எப்படியோ அப்படித்தான் இந்த நாய்க்கு நம் கூம்பும். உள்ளிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் முழுவதும் வெளியில், நம் பக்கத்தில் மட்டும் இருக்கிறது. அதனால்தான் அதை நாம் இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் வட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புண்ணை நக்கிக்கொண்டிருப்பதே கவிதை என்று நம்மில் சிலர் நெடுங்காலமாக நம்பிவருகிறார்கள். ஆறவிடாத நக்கலால் முன்னங்காலில் மயிர் உதிர்ந்து தடித்துப்போகிற ஒரு நோய் நாய்களுக்கு உண்டு; அங்கே முதலில் காயமே இருந்திருக்க வேண்டியதில்லை. பெயர் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும்.

ஐப்பசியில் தையல் போட்டால் இந்த வட்டாரத்தில் கூடுதல் சங்கடம். தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று தமிழக அரசு 2018 முதல் நேரம் வகுத்திருக்கிறது. நாய்க்கு அதுவும் தேதி மாதிரிதான். அதிர்ந்து ஓடுகிற நாய்க்குத் தையல் தெறிக்கும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்ப் பறவைகளுக்காக வெடியே போடுவதில்லை என்பது பிரசித்தம். அதைச் சிவகாசியிடம் உபதேசமாகச் சொல்ல நான் தயாரில்லை. இங்கே அடுப்பு எரிவது அந்தத் திரியில். அந்த அம்மாளே வருஷம் முழுக்கக் கட்டிய திரிகள் எங்கெங்கோ எந்தெந்த நாய்களையோ கட்டிலடியில் ஒடுங்க வைத்திருக்கும். அவருக்கும் அது தெரியாமலில்லை. தீபாவளி ராத்திரி கதவை அடைத்து, ரேடியோவைச் சத்தமாக வைத்து, நாயோடு உள்ளறையில் உட்கார்ந்துவிடுவாராம்.

பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ தையல் பிரிப்பார்கள். கூம்பைக் கழற்றியவுடன் நாய் செய்கிற முதல் காரியம் அந்த இடத்தைத் தேடி நக்குவது. யாரும் தடுப்பதில்லை, இனி அதனால் கெடுதலில்லை. கால்மணி நேரம் நக்கிவிட்டு உதறிக்கொண்டு எழுந்துபோகும். சவரம் செய்த இடத்தில் சில வாரங்களில் மயிர் வளர்ந்து கோடு மறைந்துவிடும். தெருநாய்க்குக் காது வெட்டு மட்டும் நிற்கும். நாம் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகப் போட்ட அடையாளம் அது. தன் காதைத் தானே நக்கிக்கொள்ள எந்த நாய்க்கும் நாக்கு எட்டாது. மற்ற நாய்கள் வந்து நக்குகின்றன.